ஃப்ரிட்ஜ் பட்டறையில் துக்கப் பாடம்

பெருமதிப்புக்குரிய மூத்த மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பட்டறையிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால், அக்காவின் இரத்த அழுத்தம், பேரனின் கணக்குப் பாடம் ஆகிய மூன்றும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறையை மீறிப் புதிதாகச் சாதிக்க இந்த வயதில் எனக்கு ஒன்றும் இல்லை என்பதால், நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை போன பிறகு நான் யாருக்கும் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மச்சான், சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் பட்டறை மூடும் நேரத்தில் இரண்டு பேர் என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயே திறப்பதில்லை. இருவரும் என்னிடம் வேலை பழகுகிறவர்கள்தான். அரசாங்க உத்தரவுப்படி உட்காருகிறார்கள். இது நிற்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும், நின்றுவிட்டால் பட்டறை மூடப்படும். தாங்கள் தொழிலாளர் துறையில் தலை நரைக்கும்வரை இருந்தவர். பழைய ஆட்கள் யாரையாவது பிடித்து, பட்டறையும் மூடாமல், இவர்களும் உட்காராமல் ஒரு வழி செய்து தர வேண்டும். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கண்ணாடியை எங்கே வைத்தீர்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும்.

போன வருடக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பதிவு செய்யப்பட்ட தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இல்லாத பட்டறைக்கு இனிமேல் ஃப்ரிட்ஜில் நிரப்பும் கேஸ் சிலிண்டர் கிடையாதாம். வேலை பழக வருகிறவனுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர்தான் பழகுநர். கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கதவுக்கு ரப்பர் மாற்றிக்கொண்டு பொழுதைப் போக்கலாம், வேறு ஒன்றுக்கும் ஆக மாட்டான். சரி, இத்தனை வருடம் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், நாமே எழுதிவிடலாம் என்று அசட்டுத் தைரியத்தில் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். அரைப் பக்கம் வந்தது. 'முதலில் கூட வந்து பார்க்க வேண்டும். பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு நான் சும்மா நிற்கும்போது அவர்கள் செய்ய வேண்டும். கையில் ஒருமுறை சூடு பட்டால் மறுமுறை படாது.' இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எழுத முடியுமா என்று எனக்குப் பெருமை வேறு.

பதிவு அலுவலகத்தில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது. அந்த எண்ணுக்குரிய ஆள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அல்லது பாவம், காலமாகியிருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி அம்மா. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், மூச்சு வாங்குகிற கிழவரைப் போல நின்று நின்று ஓடியது. என் காது அதிலேயே இருந்ததால் அவர் கேட்டது முதலில் விளங்கவில்லை.

"கற்றல் விளைவு எங்கங்க?"

"விளைவு, ஃப்ரிட்ஜ் ஓடும்மா."

"அது ஃப்ரிட்ஜோட விளைவு. கத்துக்கறவரோட விளைவு எங்க? சரி, கேஸ் லீக் கண்டுபிடிக்கறதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு எத்தன மணி நேரம்?"

"தெரியற வரைக்கும்."

"தெரியற வரைக்கும்னு ஒரு மணி நேரம் கிடையாதுங்க. எண்ணாப் போடுங்க."

அன்று ஆரம்பித்த நடை, மச்சான். வகுப்பறைப் பாடம் தனி, கைவேலை தனி என்று பிரிக்கச் சொன்னார், பிரித்தேன். ஒரு வல்லுநருக்கு எத்தனை பழகுநர் என்றார், எழுதினேன். சம்பளம் படிப்படியாக ஏற வேண்டும் என்றார், ஏற்றினேன், என் வயிறு படிப்படியாக இறங்கியது. பாதுகாப்பு விதி, மதிப்பீட்டு முறை, பழகுநரின் நலன் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது. கடைசியில் 'புகார் தெரிவிக்கும் வழி' இல்லையென்று திருப்பி அனுப்பினார். பழகுநர் என்னைப் பற்றிப் புகார் சொல்வதற்கு நானே வழி அமைத்துக் கொடுக்க வேண்டுமாம். உங்கள் தங்கை இருந்தவரை அந்த வழி தானாகவே திறந்திருந்தது. பட்டறைக்குப் பின்னால் சமையலறைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எனக்குத் தீர்ப்பு வந்துவிடும். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விடக் கூடாது என்று அதையும் திருப்பினார்கள்.

இந்த நிலையில்தான் பெட்டிக்காரர் கூப்பிட்டார். உங்கள் தங்கையை அனுப்பி வைத்தவர், நினைவிருக்கும், இறுதிப் பயண நிலையம் நடத்துகிறவர். அவருடைய குளிர் அறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவரிடம் இருப்பவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள், ஆனால் வெயிலில் காத்திருக்க மாட்டார்கள் என்பதால், கூப்பிட்டால் சோற்றுக் கையோடு ஓட வேண்டும். ஓடினேன். கம்ப்ரஸரைச் சரிசெய்துவிட்டு அவருடைய அறையில் கை துடைக்கும்போது பார்த்தால், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதே அரசாங்க முத்திரை, 'பதிவு செய்யப்பட்ட தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்.' எனக்கு வயிறு எரிந்தது. பெட்டிக்காரர் நல்ல மனுஷன்.

"அதுக்கு ஏங்க இப்படி அலையறீங்க? என்னோடத எடுத்துட்டுப் போங்க. நான் செய்யறதும் கெட்டுப்போகாம வெச்சிக் குடுக்கறதுதான், நீங்க செய்யறதும் அதேதான்."

வாங்கி வந்தேன். ஒரு பெரிய கட்டு. அப்போதே என்னிடம் ஒரு பழகுநர் சேர்ந்திருந்தார். பஸ் கம்பெனி மூடிவிட்டதால் நாற்பது வயதுக்கு மேல் புதுத் தொழிலுக்கு வந்த கண்டக்டர். இன்னும் எல்லோரையும் உள்ளே போ உள்ளே போ என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆள், வாய் ஓயாது. தனக்குக் கம்ப்யூட்டர் தண்ணீர் பட்ட பாடு என்றார்.

"உடல்னு எங்கெல்லாம் வருதோ, அங்கெல்லாம் குளிர்சாதனப் பெட்டின்னு ஆயிடும் முதலாளி. ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டேன். எனக்கு அப்போது எதையும் படித்துப் பார்க்கும் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்த அனுதாபக் கடிதங்களையே நான் இன்னும் பிரிக்கவில்லை. கட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது, அங்கீகாரத்தோடு. அதிகாரி அம்மா தாமாகவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இத்தன வருஷத்துல இவ்ளோ மனுஷத்தன்மையோட ஒரு பட்டறைத் திட்டத்த நான் பாத்ததில்லைங்க."

எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் படித்தேன். 'குளிர்சாதனப் பெட்டி வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதன் கண்களை மூட வேண்டும்.' 'குளிர்சாதனப் பெட்டியை உறவினர் பார்க்க வருமுன் தலைவாரி, லேசாகப் பவுடர் இட வேண்டும்.' 'எந்நிலையிலும் குளிர்சாதனப் பெட்டியின் முன் சிரிக்கவோ, அதைப் பற்றித் தரக்குறைவாகப் பேசவோ கூடாது.' 'பழகுநரின் குளிர்சாதனப் பெட்டிநலம் ஆண்டுதோறும் மருத்துவரால் சோதிக்கப்படும்.' படிக்கப் படிக்க எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"திருத்தலாங்க. ஆனா மொதல் அணி பழகுநருங்க முழுசா படிச்சு முடிச்சப்புறந்தான் திருத்த மனு வாங்குவோம்."

"தலைவாரச் சொல்லுதும்மா. ஃப்ரிட்ஜுக்கு."

"எழுதினது நீங்கதானேங்க."

திரும்பி வந்தேன். எழுதியபடி நடக்காவிட்டால் பதிவு போகும், பதிவு போனால் சிலிண்டர் போகும், சிலிண்டர் போனால் நான் போக வேண்டியதுதான். வீட்டில் உட்காரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டில் பகலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், மச்சான். பட்டறைதான் என்னை எழுப்புகிறது, பட்டறைதான் தூங்க அனுப்புகிறது. அது இல்லையென்றால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது.

இதற்குள் இரண்டாவது பழகுநரும் சேர்ந்தாள். தொழில்நுட்பப் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் வந்த பெண். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் செருகியிருப்பாள், எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள் என்பதால் கண்டக்டர் அவளுக்கு அளவுகோல் என்று பெயர் வைத்தார். அவள் அந்தக் கட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

"செய்யலாம் முதலாளி. ஏசி கண்டென்ஸர்ல தகடு வளைஞ்சிருந்தா சீப்பு போட்டு நிமித்தறோம்ல, அதான் தலைவார்றது. கதவு ரப்பர் ஒட்டாம இருக்கப் பவுடர் தடவறோம். கழட்டின குழாய் வாயில ஈரம் போகாம மூடி போடறோம், அது கண்ண மூடறது. எல்லாம் ஏற்கெனவே செய்யறதுதான்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியைக் கண்டக்டர் எடுத்துவிட்டார். திட்டத்தில் அடர் நிற உடை என்று இருந்ததால் பட்டறையே கறுப்புச் சட்டைக்கு மாறியது. கால் பக்கம் முன்னே போக, சீரான நடையில், பேசாமல் சுமக்க வேண்டும் என்று இருந்ததால், நான்காவது மாடியிலிருந்து ஒரு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை நாங்கள் அப்படியே இறக்கினோம். கீழே வந்தபோது தெருவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கித் தலைகுனிந்தார். போக்குவரத்துக் காவலர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை ஒரு ஹாரன் இல்லை. உள்ளே இருந்தது பழைய மோர்ப் பாத்திரம் ஒன்று மட்டும் என்று யாரிடம் சொல்வது?

அடுத்தது 'துயரச் செய்தியைத் தெரிவித்தல்' என்ற பாடம். ஒரு அம்மாவின் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் எரிந்துபோய்விட்டது. வழக்கமாக நான், "கம்ப்ரஸர் போச்சும்மா, புதுசு இவ்வளவு ஆகும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன், அந்த அம்மா என்னைத் திட்டிவிட்டுப் போவார், விவகாரம் முடிந்துவிடும். இந்த முறை கண்டக்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தானும் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, மனசத் திடப்படுத்திக்கோங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் பாத்தோம். கடைசியில ரொம்ப கஷ்டப்படல."

அந்த அம்மா அவரை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்த ஃப்ரிட்ஜ் அவருடைய அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்ததாம். அப்பா போனபோது ஊருக்குப் போய்ச்சேர முடியவில்லையாம். ஒரு மணி நேரம் அழுதார். எனக்கு ஒரு ஹோட்டல்காரரின் ஐஸ் இயந்திரம் காத்திருந்தது, கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். போகும்போது இரண்டு பேரையும் நன்றாயிருங்கள் என்று வாழ்த்திவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் கத்துக்கோங்க" என்றார். என் பட்டறையில், என் எதிரில்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கட்டின் நடுவில் ஒரு பாடம் இருந்தது. அதில் உடல் என்ற சொல் ஒரு இடத்திலும் வராததால் கண்டக்டரின் தட்டு அதைத் தொடவே இல்லை. பெட்டிக்காரர் எழுதியது எழுதியபடி இருந்தது. 'துக்கத்தில் இருப்பவருடன் அமர்தல். நெருங்கிய உறவினரை இழந்த ஒருவருடன் பழகுநர் நாள்தோறும் அமர வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது. காலம் ஆற்றிவிடும் என்று சொல்லக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அவர் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும்.' ஃப்ரிட்ஜை இழந்த அம்மாவைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அளவுகோல் சொல்லிவிட்டாள். துக்கத்தில் இருப்பவரை நாம் எங்கே போய்த் தேடுவது என்று நான் ஒரு செம்புக் குழாயை வளைத்துக்கொண்டே கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க இருக்கீங்களே முதலாளி" என்றாள் அளவுகோல்.

குழாய் மடங்கிப்போய்விட்டது. நல்ல குழாய்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தார்கள். பின்னறையில், கழற்றிப் போட்ட கதவுகளுக்கு நடுவில், எனக்கு ஒரு ஸ்டூல், அவர்களுக்கு இரண்டு நாற்காலி. நான் ஒரு தெர்மோஸ்டாட்டைப் பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்தேன். கண்டக்டருக்கு வாய் துடித்தது. பேசாமல் இருக்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் துக்கம் அவருக்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள். ஒரு வாரம் இப்படியே தெர்மோஸ்டாட்டை வைத்து ஓட்டினேன். பிறகு ஒரு நாள் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, என் வாய் தானாகத் திறந்துகொண்டது. உங்கள் தங்கை எந்தக் கோப்பையிலும் காபியைக் கடைசிவரை குடிக்க மாட்டாள், ஒரு வாய் மிச்சம் வைத்து வீடு முழுவதும் ஆங்காங்கே விட்டுவிடுவாள் என்று சொன்னேன். அவள் போன பிறகு தையல் இயந்திரத்துக்குப் பின்னால் அப்படி ஒரு கோப்பை கிடைத்தது, காய்ந்து கறை பிடித்து, அதைக் கழுவ எனக்குக் கை வரவில்லை என்று சொன்னேன். அவள் ஒரு வேடிக்கை சொல்ல ஆரம்பித்தால் முடிவு வருவதற்கு முன்பே சிரித்துவிடுவாள், முடிவைச் சொல்லவே மாட்டாள், இத்தனை வருடத்தில் ஒன்றின் முடிவுகூட எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இரண்டு பேரும் உம் என்றுகூடச் சொல்லவில்லை. யாராவது நடுவில் பேசினால் நிறுத்தியிருப்பேன். பேசவில்லை, அதனால் நிறுத்த முடியவில்லை.

இதுதான் என் புகார், மச்சான். இதை நீங்கள் உங்கள் ஆட்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் நன்றாகத்தான் இருந்தேன். காலையில் எழுந்து, வேலைக்கு வந்து, இரவு அலுப்பில் படுத்து, ஒன்றையும் நினைக்காமல் மாதக்கணக்கில் ஒப்பேற்றிக்கொண்டு வந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட முதல் வாரத்தோடு ஏசியை எப்போது பார்க்க வருவாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அது எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்தது. இப்போது அரசாங்கம் உள்ளே புகுந்து என்னை உடைத்துப் போட்டுவிட்டது. போன வாரம் ஒரு குழாயை ஒட்டும்போது கண் மறைத்துப் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை, மறுநாளே லீக். முப்பது வருடத்தில் என் கை வேலை லீக் ஆனதில்லை. வீட்டுக்குப் போனால் அவளுடைய செருப்பைப் பார்க்கிறேன், அதற்கு முன் அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் இல்லை, மச்சான். இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எல்லோருக்கும் தெரிந்து முடிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

இதோடு விட்டதா? முந்தாநாள் அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்தார். கண்டென்ஸருக்குத் தலைவாருவதைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். கறுப்புச் சட்டைகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சாயங்காலப் பாடத்தையும் நேரில் பார்த்துத்தான் மதிப்பெண் போட முடியும் என்று மூன்றாவது நாற்காலி கேட்டார். அவரும் உட்கார்ந்தார். அரசாங்கமே எதிரே உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன பேசுவது? பேசினேன், அது வேறு கதை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். சரி, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். போகும்போது வாசலில் நின்று ஒரு குண்டைப் போட்டார்.

"எல்லாம் நல்லாருக்குங்க. ஒரே ஒரு குறை. ரெண்டு பேரும் இதுவரைக்கும் உங்ககூட மட்டுமே உட்கார்ந்திருக்காங்க. மொத்த மணி நேரத்துல பாதிக்கு மேல ஒருத்தர்கிட்டயே கூடாது. இன்னொரு துக்க வீடு காட்டணும். மாசக் கடைசிக்குள்ள காட்டலேன்னா பதிவ நிறுத்தி வைக்கறத தவிர எனக்கு வேற வழியில்லை."

இன்னொரு துக்க வீட்டுக்கு நான் எங்கே போவேன்? பெட்டிக்காரரைக் கேட்டால், அவர் தன்னிடம் வருகிறவர்கள் தன் பழகுநர்களுக்கே போதவில்லை, பங்கு தர முடியாது என்கிறார். தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய், உங்களில் யாருக்காவது சமீபத்தில் ஏதாவது நேர்ந்ததா என்று விசாரித்தால் செருப்பு பிய்ந்துவிடும். கண்டக்டர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பார்த்தால் அவர் இழந்தது நிலத் தகராறில் ஒரு வழக்கு.

ஆகவே தங்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது யாதெனில், துறையில் மேலிடத்தில் யாரிடமாவது பேசி, மேற்படி பாடத்தை எங்கள் திட்டத்திலிருந்து அடியோடு நீக்க உத்தரவு வாங்கித் தர வேண்டும். நீக்கினால் பட்டறையும் பிழைக்கும், நானும் பழையபடி ஒன்றையும் நினைக்காமல் இருந்துகொள்வேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று உங்கள் தங்கை எப்போதும் சொல்வாள். அவளுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், உப்பைக் குறைக்கச் சொன்னதாகச் சொல்லவும். பேரனுக்கு என் ஆசிகள், கணக்கு வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், எனக்கும் வரவில்லை, அதனால்தான் இந்தப் பாடு. உங்கள் வீட்டில் எல்லாச் சுவிட்சும் போட்டவுடன் எரிந்து, எல்லாக் கதவும் சாத்தியவுடன் மூடி, யாரும் யாரையும் தேட வேண்டிய தேவை இல்லாமல் நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, தபாலில் போடச் சொல்லி அளவுகோலிடம் கொடுத்தேன். வாங்கியவள் போகவில்லை.

"இது யாருக்கு முதலாளி?"

"என் மச்சானுக்கு. துறையில இருந்தவர். சொன்னா இந்தப் பாடத்த எடுத்துடுவாங்க."

"வீட்டம்மா அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. ஒரே தங்கச்சி."

அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அவர்கூட யாரு உட்கார்ந்தாங்க?"

யோசித்துப் பார்த்தேன், மச்சான். அன்றைக்கு வாடகை நாற்காலிகளை எண்ணி இறக்கியது நீங்கள். பெட்டிக்காரரிடம் பேசியது, வந்தவர்களுக்குத் தேநீர் சொன்னது, என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டது, எல்லாம் நீங்கள். எல்லோரும் போன பிறகு அத்தனை கோப்பைகளையும் நீங்களே கழுவி அடுக்கிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தீர்கள். நீங்கள் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. உங்களிடம் வந்து யாராவது துக்கம் கேட்டார்களா என்றும் எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

ஆகையால் மேலே எழுதியதில் ஒன்றையும் யாரிடமும் பேச வேண்டாம். பாடம் அப்படியே இருக்கட்டும். இத்தனை பக்கத்தைக் கிழித்துப் போட மனம் வராததால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் மூன்று பேரும் வருகிறோம். கண்டக்டர் இப்போது நன்றாக வாயை மூடுகிறார், நம்பலாம். துக்கத்தில் இருக்கும் ஒருவர் துக்கத்தில் இருக்கும் இன்னொருவருடன் உட்காரக் கூடாது என்று திட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை, அளவுகோல் இரண்டு முறை பார்த்துவிட்டாள், அதனால் நானும் உட்காருவேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. யாராவது கேட்டால், ஃப்ரிட்ஜ் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.